எல்லாவற்றுக்கும் ஒரே எண்

ஆகஸ்ட் 12, 2025, செவ்வாய்

ஒத்திகைத் தேர்வு. மானம் கப்பலேறியது.

திருப்போரூரில் எங்கள் பயிற்சி மையத்துக்கு இந்த வருடம்தான் முதல்முறையாக நர்ஸ் வேலைக்கான தேர்வு கிடைத்திருக்கிறது. வரும் இருபத்துநாலாம் தேதி. கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பு. இன்று முதல் பெண் லாகின் செய்து தேர்வுக்குள் நுழைந்தாள். அடுத்த கம்ப்யூட்டரில் அடுத்தவள் நுழைந்ததும் சர்வர் முதலாமவளை வெளியே தள்ளிவிட்டது. மூன்றாமவள் வந்தாள், இரண்டாமவள் வெளியே. மியூசிக்கல் சேர் விளையாடுகிற மாதிரி இருந்தது. முதலாளி கேசவன் சார் என்னைப் பார்த்தார். நான் ஒயரைப் பார்த்தேன்.

என் நாத்தனார் ஜெனிஃபர் எழுதப்போவதும் இதே தேர்வுதான். மடியில் மூன்று மாதக் குழந்தையோடு படிக்கிறாள். இங்கே நடக்காவிட்டால் ஆவடிக்குப் போகச் சொல்வார்கள்.

"அம்மாந்தூரம் என்னால ஆவாது அண்ணி. திருப்போரூர்னா எய்துறேன், இல்லாங்காட்டி வேணாம்" என்கிறாள். அவள் அண்ணன், அதாவது ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர் பூபாலன், "கொயந்தய வச்சிகினு இன்னாத்துக்கு இப்ப பரிச்சை? வுடு" என்கிறார். வுடுவதாம்!

ஆகஸ்ட் 13

ஒயரில் கோளாறு இல்லை. நெட்டிலும் இல்லை. கோளாறு சாராளிடம், அதாவது என்னிடம்.

ஆகஸ்ட் 14

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அதற்கே உரிய அடையாள எண் ஒன்று உண்டு. கறுப்புத் திரையில் cat /etc/machine-id என்று அடித்தால் காட்டும். முதல் கம்ப்யூட்டரில் அடித்தேன். அடுத்ததில் அடித்தேன். அதே எண். அதற்கடுத்ததிலும் அதே.

ஆடி பிறப்பதற்குள் லேப் தயாராக வேண்டும் என்று கேசவன் சார் ஒற்றைக்காலில் நின்றார். ஆடியில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார். அந்த அவசரத்தில் ஒரு கம்ப்யூட்டரை ஒழுங்காகத் தயார்செய்து, அதன் டிஸ்க்கை அப்படியே மற்ற எல்லாவற்றுக்கும், வரவேற்பில் இருப்பதற்கும் சேர்த்து, நகலெடுத்தேன். எண்ணும் சேர்ந்து போய்விட்டது. தேர்வு சர்வரைப் பொறுத்தவரை எங்கள் லேபில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர்.

சாரிடம் சொன்னேன். "ஆவணி பொறக்கட்டும்மா. புது நம்பர ஆடியில போடவேண்டாம்" என்றார். கல்பாக்கத்தில் காலமெல்லாம் அணுவோடு குடும்பம் நடத்தியவர்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நேற்று ஆவணி பிறந்தது. இன்று உத்தரவு.

பழைய எண்ணை அழித்துவிட்டு systemd-machine-id-setup என்று அடித்தேன். புது எண் வரவேண்டும். பழையதே சிரித்துக்கொண்டு வந்து நின்றது. மறுபடி அழித்தேன், மறுபடி வந்தது. அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டிய பிறகுதான் தெரிந்தது: வேறொரு ஃபோல்டரில் அதற்கு இன்னொரு பிரதி இருக்கிறது, அதைப் பார்த்து மறுபடி எழுதிக்கொள்கிறது. இரண்டையும் அழித்தேன். வந்தது புது எண்.

ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து மாற்றினேன். வரவேற்பில் இருக்கும் ஷாரோன் மட்டும் எழுந்திருக்கவில்லை. "பில்லு போட்டுகினு கீறேன்க்கா, அப்பால வா." அவள் கம்ப்யூட்டரில் யாரும் தேர்வு எழுதப்போவதில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

லேபுக்குள்ளேயே ஓர் ஒத்திகை. ஒருவரும் வெளியே தள்ளப்படவில்லை. ஜெனிஃபரிடம் சொன்னதும் குழந்தையைத் தூக்கிச் சுற்றினாள்.

ஆகஸ்ட் 23, சனி



மத்தியானம் தேர்வுத் தலைமையகத்தோடு கடைசி இணைப்பு. "இம்மையம் பதிவில் இல்லை" என்று வந்தது. போன் போட்டேன். "மெயின் கம்ப்யூட்டர் நம்பர மாத்திட்டீங்களா மேடம்? அத வச்சுத்தானே உங்க சென்டரையே பதிஞ்சிருக்கோம். திரும்பப் பதிய நாலஞ்சு நாள் ஆகும். சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா எல்லாரையும் ஆவடிக்கு மாத்திடுவோம்."

நகலெடுக்க வைத்திருந்த அசல் கம்ப்யூட்டர்தான் அந்த மெயின். எல்லாவற்றையும் மாற்றுகிற ஜோரில் அதையும் மாற்றியிருக்கிறேன். பழைய எண்ணை எங்கேயும் எடுத்துவைக்கவில்லை. ஏன்டி சாராளு, இப்ப ஜெனிஃபர் மொகத்துல எப்படி முழிப்ப? ஒண்ணே ஒண்ணையாவது மாத்தாம வுட்டிருக்கக் கூடாதா—

வுட்டிருந்தேனே!

ஓடினேன். ஷாரோன் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரிடி."

"இன்னாக்கா, பில்லு—"

"பில்லு கெடக்குது, எந்திரி."

இருந்தது. எந்த எண் என்னை இத்தனை நாள் பாடாய்ப் படுத்தியதோ அதே எண், அங்கே பத்திரமாக. உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி லேபுக்கு வந்தேன். மெயினில் அடித்து, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து, அணைத்துப் போட்டேன். மையம் பதிவில் உள்ளது.

ஷாரோனுக்கு ஒரு புது எண்ணும் மசால் தோசையும்.

"ஆவணியில செஞ்சதாலதாம்மா தப்பிச்சோம்" என்றார் சார். நான் உள்ளங்கையில் இருந்த எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஒருவர்கூட வெளியே தள்ளப்படவில்லை. ஜெனிஃபர்தான் கடைசியில் எழுந்தாள். "நல்லா எய்திட்டேன் அண்ணி, பாப்பா எங்க?"

ஆகஸ்ட் 25

தூங்கினேன்.

நவம்பர் 17, திங்கள்

ஜெனிஃபருக்கு இன்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் முதல் நாள். காலையில் அவளும் நானும் பூபாலனும் பஸ் ஸ்டாண்டு வரை போனோம், பாப்பா என் இடுப்பில். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஜெனிஃபருக்கு அழுகை வந்துவிட்டது. பாப்பா பக்கத்தில் நின்ற கண்டக்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பஸ் போனபிறகு பூபாலன் கையை நீட்டினார். "பாப்பாவ இப்டி குடு. ஆட்டோவ மத்தியானமா எடுத்துக்கிறேன். நீ லேபுக்குப் போ, டைமாவுது."