மாரியாயி நெத்தித் தழும்பு

12.3.2006, ஞாயிறு

பகல்ல நோர்வூட் டவுன்ல இருந்து என் பெரிய மகன் வந்தான். போன மாசம் செத்துப்போன என் நாத்தனா மாரியாயியோட படத்தை பிரேம் போட்டுக் கொண்டாந்திருந்தான். அவனோட டிஜிட்டல் கமெராவுல தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில வச்சு எடுத்தது. "வெயில் முகத்துல அடிக்குது, கொஞ்சம் நிழலுக்கு வாங்க அத்தை"ன்னு அன்னைக்கு அவளை நாலு தரம் நகத்தி நகத்தி நிக்க வச்சான். இதை விட்டா அவளுக்கு வேற படமே கிடையாது.

வாங்கிப் பார்த்தேன். நெத்தி வழவழன்னு இருக்கு. தலையில மாட்டின கூடைக்கயிறு இழுத்து இழுத்து விழுந்த கறுப்புத் தழும்பைக் காணோம்.

"எங்கடா அது?"

"கம்பியூட்டர்ல அழிச்சேம்மா. கறை மாதிரி இருந்துச்சு. இப்ப பத்து வயசு குறைஞ்ச மாதிரி இல்ல?"

"அவளை மாதிரியே இல்ல."

"நீங்கதான் அவங்க முகத்தையே பார்க்க மாட்டீங்களே."

உண்மைதான். என் கூடையில எடை கூட்ட முத்தின இலை கிடக்குதுன்னு தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகிட்ட போட்டுக் கொடுத்தவ. அன்னையில இருந்து பதினோரு வருசம் பேசல. அதுக்கு முந்தி பக்கத்துப் பக்கத்து நெரையில நின்னு கொழுந்தெடுத்தோம். சாயங்காலம் அவ நெத்திக்கு நான் தைலம் தேய்ப்பேன், எனக்கு அவ தேய்ப்பா. அந்தத் தழும்போட பள்ளம் எவ்வளவு ஆழம்னு என் விரலுக்குத் தெரியும்.

அழிக்காத படம் கம்பியூட்டர்ல இன்னும் இருக்காம். அதையே கொண்டு வாடான்னு சொல்லிட்டேன். இதைச் சுவத்துல மாட்ட விடல. இந்த வழவழ மூஞ்சியைப் பார்த்தா எனக்கு அவ மேல இருந்த கோவம்கூட வர மாட்டேங்குது.