கூரைமேல் ஏசி, கடலில் கப்பல்

மே 10, சனி

கத்திரி வெயில். காலையிலேயே தகரத்தைத் தொட முடியவில்லை. கடல்காற்று இல்லை. மணலிப் பக்கத்து கேஸ் வாசனை மட்டும் தாராளமாக.

காசிமேட்டுக்கு ஐஸ் லோடு முடித்து, பிக்கப்பை நேராக லாரி ஷெட்டுக்கு விட்டேன். கேரவன் கூரையில் ஏறி பழைய வென்டிலேட்டர் மூடியைக் கழற்றினேன். சுற்றிலும் பூசியிருந்த பசை மக்கி, சுண்ணாம்பு மாதிரி. சுரண்டிச் சுரண்டி கட்டைவிரல் போயிற்று. மூடிக்குக் கீழே சதுர ஓட்டை. அதன் மேல்தான் ஏசி உட்கார வேண்டும்.

போன லீவில் என் புருஷன் அ. வாங்கிப் போட்ட கேரவன் இது. எங்கோ ஷூட்டிங்குக்கு ஓடி ஓய்ந்தது. சொந்த என்ஜின் கிடையாது, இன்னொரு வண்டிதான் இழுக்கணும். உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு மேடை, ஒரு கதவு. கதவுதான் முக்கியம்.

வீட்டில் ஒரு ஹால், ஒரு ரூம். ரூம் கொழுந்தனார் குடும்பத்துக்கு. ஹாலில் அத்தை, டிவி, நாங்கள். கல்யாணம் ஆனதிலிருந்து இப்படித்தான். அ. கப்பலிலிருந்து வந்து இறங்குவார், அத்தை இருமலுக்கு இந்தப் பக்கம் படுப்பார், லீவு முடிந்து போவார். புருஷனோடு மனசு விட்டுப் பேச நான் மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது!

(அ. என்றுதான் இங்கேயும் எழுத வருகிறது. நேரில் ‘யோவ்’ என்பேன், பெயரைச் சொல்ல மாட்டேன். பேனாவுக்கும் அதே பழக்கம்.)

மே 11, ஞாயிறு

லோடு இல்லை. அத்தைக்கு சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்கணும்.

கப்பல் வந்துவிட்டது! கடல் தெரியும் கூரையில் உட்கார்ந்து தின்னர் போட்டு ஓட்டையின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன். கரைக்குக் கிட்டே வந்தால்தான் அவருக்கு சிக்னல்.

“இன்னாமே, தெரியுதா?”

“எல்லாம் ஒரே மாரி கீது. எதுயா உன்து?”

“செவப்பு அடி. மஞ்சா கிரேன் நாலு. எண்ணூர்ல பெர்த் கெடைக்கிற வரிக்கும் இங்கதான் நங்கூரம்.”

கண்டுபிடித்தேன். கட்டைவிரல் நகம் அளவு. கையை ஆட்டினேன். தெரியாது என்று தெரியும். ஆட்டினேன்.

பெர்த் (துறைமுகத்துக்குள் கப்பல் கட்ட இடம்) கிடைத்தால் பாஸ் போட்டு ஒரு நாள் கரைக்கு விடுவார்களாம். ஒரே ஒரு நாள், மறுபடி கப்பல். என்ஜின் ரூமில் வேலை, அடுப்புக்குள் நிற்பது போல. “ஒரு நாளு ஜில்லுனு உம் பக்கத்துல படுக்கணும்மே, அவ்ளோதான் கேக்குறேன்” என்றார். நான் விளிம்பை இன்னும் அழுத்தித் துடைத்தேன். கீழே லாரி ஷெட் ஆட்கள் இருந்தார்கள்.

ஒன்பது மாதம் ஆயிற்று பார்த்து.

வாங்க: கேஸ்கெட் (ஏசிக்கு அடியில் வைக்கும் ஸ்பாஞ்ச் வளையம்), ஒயர், எம்-சீல், அரை கிலோ வஞ்சிரம் (பாஸ் உறுதியானால்).

மே 12, திங்கள்

இடுப்பு போயிற்று. ஆனால் ஏசி மேலே ஏறிவிட்டது.

எப்படி ஏற்றுவது என்று ஷெட்டில் ஆளுக்கொரு யோசனை. கிரேன் சொல்லு என்றான் ஒருவன், கயிறு கட்டிவிட்டு நீ போ, நாங்க ஏத்துறோம் என்றான் இன்னொருவன். நான் ஐஸ் கம்பெனியிலிருந்து இரண்டு பலகை கொண்டுவந்தேன். ஐஸ் பார் சறுக்கி இறக்கும் பலகை, வழவழவென்று இருக்கும். சாய்த்துவைத்து, மேலிருந்து நான் கயிறு இழுக்க, கீழிருந்து தம்பி சேகர் தள்ள, சர்ரென்று வந்துவிட்டது. இறக்கத் தெரிந்தவளுக்கு ஏற்றத் தெரியாதா!

சேகர் துறைமுகத்தில் லாஷிங் வேலை. கப்பலில் கன்டெய்னர் ஆடாமல் இரும்புக்கம்பி போட்டு முறுக்குகிறவன். முறுக்குவதற்கென்றே பிறந்த கை. உள்ளேயிருந்து நான்கு போல்ட்டையும் அவனே மாட்டினான்.

“கேஸ்கெட் பாதி அமுங்கினா போதும்னு வீடியோல சொன்னான்டா.”

“பாதியா? பொயலு அட்சா இன்னா பண்ணுவ? நகருக்கா. இன்னொரு சுத்து.”

“சேகரு, போதும்.”

“சும்மாருக்கா. இன்னும் ஒரே சுத்து.”

அத்தை சாயந்திரம் ஷெட்டுப் பக்கம் வந்து அண்ணாந்து பார்த்தார். “கூரை மேல ஏறிகினு இதெல்லாம் பொம்பள செய்ற வேலையாடி? வூட்ல ஃபேன் இல்லியா?” என்றார். ஃபேன் இருக்கிறது அத்தே, கதவு இல்லை. வாய்வரை வந்தது.

மே 13, செவ்வாய்

திடீர் மழை. கோடை மழை, சந்தோஷப்பட வேண்டியது. நான் மட்டும் வயிற்றில் அடித்துக்கொண்டேன்.

கேரவன் உள்ளே தண்ணீர். சொட்டு இல்லை, ஒழுக்கு. சரியாகக் கட்டிலுக்கு மேலே. புது மெத்தை, புது உறை, எல்லாம் தொப்பல்.

சேகர் முறுக்கிய முறுக்கில் கேஸ்கெட் அப்பளமாகிவிட்டது. கூரையே ஏசியைச் சுற்றிக் குழிந்து குளம் கட்டி நிற்கிறது. கன்டெய்னருக்குக் கட்டும் கட்டு தகரக் கூரைக்கு ஆகுமா? கண்டபடி திட்டினேன். அவன் முகம் தொங்கிப்போய், “மாமாக்கோசரம்தானக்கா டைட்டா போட்டேன். ரோட்ல போவ சொல்ல கயண்டு வுய்ந்துட்டா?” என்றான். பிறகு பாவமாக இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

அ. போன். வியாழன் பெர்த் கிடைக்கலாம் என்றார். மெத்தை விஷயம் சொல்லவில்லை.

மழை விட்டதும் கூரை ஏறினேன். கடல் மேல் புகை மாதிரி மூட்டம். கப்பல் தெரியவில்லை. அதற்குப் போய் அழுதேன். இத்தனை மாதம் இல்லாத அழுகை, கிட்டே வந்த பிறகு.

மே 14, புதன்

வெயில். மெத்தையை ஷெட் மதில்மேல் காயப்போட்டேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்துச் சிரிப்பு. சிரிக்கட்டும்.

போல்ட் நான்கையும் தளர்த்தி, ஏசியை நெம்பித் தூக்கி, பழைய கேஸ்கெட்டைப் பிய்த்தெடுத்தேன். குழிந்த கூரை மேலெழும்ப, ஓட்டையின் விளிம்பில் உள்ளே மரச்சட்டம் அடித்தேன். புது கேஸ்கெட். இந்தத் தடவை ஸ்பேனர் என் கையில். சேகரை ஏணிப் பக்கமே விடவில்லை. நான்கு போல்ட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி, பாதி அமுங்கும் வரை. கை நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

கூரையில் பத்து குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாயிற்று. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

ஷெட் லைனில் கரன்ட் கொடுத்தோம். முதலில் உறுமல், பிறகு புழுதி வாசனை, பிறகு ஜில். ஜில்லென்றால் அப்படி ஒரு ஜில்!

எல்லாரையும் அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டு, ஈர மெத்தை இல்லாத வெறும் பலகையில் படுத்தேன். பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டுத்தான் படுத்தேன். அங்கே கையை வைத்துக்கொண்டேன். வாய்விட்டு அவர் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், முதல் தடவையாக. வெட்கமாகப் போயிற்று. வேணும்யா நீ எனக்கு. இங்கே எழுதிவிட்டேன், போதும்.

மே 15, வியாழன்

வஞ்சிரம் வாங்கி மசாலா தடவி வைத்தாயிற்று. போன்.

“பெர்த் இல்லியாம்மே. கிருஷ்ணப்பட்டணம் போவ சொல்லிட்டாங்க.”

“அது எங்கயா?”

“ஆந்திரா. நெல்லூராண்ட.”

சிக்னல் போகும்வரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூரையிலிருந்து பார்க்க, சிவப்பு அடி கப்பல் மெல்லத் திரும்பி வடக்கே.

மீனைப் பொரித்தேன். யாருக்கு என்று தெரியாமல் பொரித்தேன். திருப்பிப் போடும்போதுதான் மண்டையில் அடித்தது. சக்கரம் வைத்த வீட்டைக் கட்டிவிட்டு நான் ஏன் இங்கே உட்கார்ந்து அழுகிறேன்?

சேகருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, ஐஸ் கம்பெனி முதலாளி பாயிடம் போய் நின்றேன். நான் வாயைத் திறக்குமுன், “பிக்கப் வோணுமா? சேகர் சொன்ட்டான். கர்மம், வண்டிய இட்டுகினு பத்திரமா போம்மா. லைட் செட் கடைல ஜெனரேட்டரும் சொல்லிக்கீறேன்” என்றார். பிக்கப்புக்குப் பின்னால் இழுவைக் கொக்கி சேகர் மாட்டுகிறான். அங்கே எத்தனை சுத்து வேண்டுமானாலும் சுத்திக்கொள்ளட்டும்.

“நானும் வரவாக்கா?”

“நீ எதுக்குடா நடுவுல?”

சிரித்துக்கொண்டே போய்விட்டான். ஆனால் வீட்டுக்கு வந்தால், அதற்குள் சேதி எட்டி, அத்தை பையோடு தயார். புடவை, மாத்திரை, வெற்றிலை டப்பா. “எம் புள்ளய நான் பாக்க வோணாவா?” வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? அவருக்கும் ஒன்பது மாதம்தானே.

இத்தனையும் கட்டி, கடைசியில் ஹாலையே கூட இழுத்துக்கொண்டு போகிறேன். படுத்தால் தூக்கம் வரவில்லை.

மே 17, சனி

கிருஷ்ணப்பட்டணம். துறைமுக கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்தடி. அனல்.

நேற்று விடியலில் கிளம்பியது. வழியெல்லாம் அத்தை பேச்சு, அ. குழந்தையாக இருந்த கதைகள். இருபது முறை கேட்டது. இருட்டுவதற்குள் வந்து சேர்ந்தோம். ஜெனரேட்டர் எண்ணெயை அவருக்கென்று மிச்சம் வைத்து, அத்தையும் நானும் ஒரே கட்டிலில், வெறும் கதவுக்காற்றில்.

இன்று காலை சிக்னல் கிடைத்ததும் போனில் இடம் சொன்னேன், மத்தியானம் வந்தார். சாயந்திரம் வரை பாஸ். இளைத்துவிட்டார், காதோரம் நரை, காதுக்குள் கரித்தூள். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இன்னாமே, வூட்டையே இழுத்துகினு வந்துட்ட?”

ஒன்பது மாதமாகச் சேர்த்துவைத்த பேச்சில் ஒன்றும் வரவில்லை. “சாப்டியா?” என்றேன்.

அத்தை தாடையைத் தடவித் தடவி ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தார். நான் ஜெனரேட்டரை ஓட்டி ஏசியைப் போட்டேன். அத்தை உடனே எழுந்து பையைத் தூக்கிக்கொண்டார்.

“எனக்கு இந்த ஜில்லு ஒத்துக்காது. நான் பிக்கப்புல காத்தாட குந்திகினு கீறேன். தபாரு, யாராவது வந்து கதவ தட்னா நான் பாத்துக்குறேன். நீ சாத்திக்கோ.”

என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். வெளியே எரிகிற வெயில். ஓடிப்போய் காலில் விழலாம் போலிருந்தது. விழவில்லை, கதவைச் சாத்தினேன்.

திரும்பிப் பார்த்தால் அவர் தூங்கிவிட்டார். சட்டைகூடக் கழற்றாமல். குறட்டை.

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுப்ப மனசில்லை. பாஸ் முடிய இன்னும் நேரம் இருக்கிறது.

கால் இரண்டையும் மடக்கிக்கொள்கிறார். குளிர்கிறது போல. தூக்கத்திலேயே கை போர்வையைத் தேடுகிறது. போர்வை எடுத்து வரவில்லை. கத்திரியில் யார் எடுத்து வருவார்கள்?

போர்வை இல்லைய்யா. நான்தான் இருக்கிறேன். எழுதியது போதும்