அழித்துவிட்ட வெள்ளைத் திட்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம், அத்தையும் நலம். அத்தை நலம் என்பதை இன்னொரு முறை எழுதிவிடுகிறேன், கீழே வருவதைப் படித்தால் நீ பயந்துவிடுவாய். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். ஃபோனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், எனக்கோ இதை முழுசாகச் சொல்லியே ஆகவேண்டும்.

முதலில் நல்ல சேதி. கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடும் உன் அத்தை, தானாகவே ஒருவரைக் கூட்டிவந்து நிறுத்தினாள். தினமும் அவள் வேலைக்குப் போகிற பஸ்ஸின் டிரைவர். "இதுக்குத்தான் லீவு நாள்லயும் பஸ் ஏறினியா" என்று அம்மா கேட்டதும் அத்தை முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பதிவுக் கல்யாணம் என்று முடிவாயிற்று. அதற்குப் படம் எடுக்க செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் நம் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். வருவதற்கு முன் அத்தை யாரிடமும் சொல்லாமல் ஒரு பியூட்டி பார்லருக்குப் போய், மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் கோடுகள் மறைய, தோலுக்கடியில் நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் மூக்குக்குப் பக்கத்தில் வெளிறிய திட்டு ஒன்று தெரிந்தது. லைட் பட்டதாக்கும் என்று நினைத்து, கைப்பழக்கத்தில் பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்துப் பூசி அழித்துவிட்டேன். அழித்துவிட்டுத் திரும்பினால், திரையில் இல்லாத திட்டு நாற்காலியில் இருக்கிறவள் முகத்தில் அப்படியே இருக்கிறது. லைட்டை அணைத்தேன், போகவில்லை. அதைச் சுற்றி நீலமாக வலை பின்னினதுபோல வேறு. வலிக்கிறதா என்றேன். "உயிர் போகுதுண்ணே. அழகுன்னா கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்னு ஊசி போட்ட பார்லர் பொண்ணு சொல்லிச்சு" என்றாள். பார்லருக்கு ஃபோன் செய்தால் ஐஸ் வைக்கச் சொன்னார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

தோல் டாக்டரம்மா முதலில் கேட்டது, கண் நன்றாகத் தெரிகிறதா என்று. பிறகு திட்டின்மேல் விரலை அழுத்தி எடுத்தார். ரத்தம் திரும்பி வரவில்லை. ஊசி மருந்து ரத்தக்குழாயை அடைத்திருக்கிறது, இப்படியே விட்டால் தோல் செத்துப்போகும் என்றார். எந்த மருந்து போட்டார்கள் என்று கேட்டார், அத்தைக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை ஓடிப்போய்ப் பார்லரிலிருந்து மருந்துப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நல்லவேளை, கரைக்கக்கூடிய வகை. கரைக்க முடியாத வகையும் இருக்கிறதாம். கரைக்கிற ஊசியைப் போட்டார், காத்திருந்து அழுத்திப் பார்த்தார், மறுபடி போட்டார். அத்தை ஒரு கையால் என் கையையும் மறு கையால் மாப்பிள்ளை கையையும் நெரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம், மகளே, டாக்டர் விரலை எடுத்ததும் அந்த வெள்ளையில் மெல்லச் சிவப்பு ஊறி வந்தது. எத்தனையோ முகங்களுக்கு நான் நிறம் ஏற்றியிருக்கிறேன், ஒரு முகத்தில் நிறம் தானாக ஏறுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்துவிட்டேன், மனிதர் மிரண்டுபோனார்.

வெள்ளிக்கிழமை பதிவு நன்றாக நடந்தது. ஊசி பட்ட இடங்கள் இன்னும் கன்றிப்போய் இருந்தன. படத்தில் மட்டும் கொஞ்சம் சரிசெய்யட்டுமா என்றேன். "தொட்டே, கையை ஒடிச்சிருவேன்" என்றாள். அவள் சிரிப்பும், மருந்து கரைந்ததில் திரும்பி வந்த அந்தக் கோடுகளும் அப்படியே இருக்கிற படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

கண்ணுக்குக் கீழே நீயும் ஊசி போடப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், முகம் உன்னுடையது. ஆனால் பார்லரில் வேண்டாம், இதற்கென்றே படித்த டாக்டரிடம் போ. மருந்தின் பெயரைக் கேள், சீல் உடைப்பதைக் கண்ணால் பார், கரைக்கிற மருந்து அந்த அறையிலேயே இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேள். பிறகு வலி அதிகமானாலோ, தோல் வெளுத்தாலோ, பார்வை மங்கினாலோ ஐஸை வைத்துக்கொண்டு உட்காராதே, அந்த நிமிஷமே ஓடு.

நீ கண்ணுக்கும் முகத்துக்கும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள். மறக்காமல் ஊசி போடும் நாளை முன்கூட்டியே சொல். போட்டதும் ஜன்னல் ஓரம் நின்று, எதையும் திருத்தாமல் ஒரு படம் அனுப்பு. இந்தத் தடவை நான் ஒன்றையும் அழிக்காமல் பார்க்கிறேன்.

உன்
அப்பா