ஞானம்மாளிடம் போனவளுக்கு

இன்று காலை நம் கூலி லைன் வீடுகள் முழுக்கக் கிருமி கொல்லும் கார்பாலிக் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்கள். மற்றப் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். நான் வாசலில் நின்று ஆழ மூச்சிழுத்தேன். மகளே, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நீ என் பக்கத்தில் படுக்கும்போது உன் கையிலும் தலைமயிரிலும் இந்த நெடிதான் இருக்கும். அப்போது எனக்கு இது ஆகவே ஆகாது. எதிரி வீட்டு வாசனை என்று நினைத்தேன்.

உன்னை அங்கே அனுப்பினவளும் நான்தான். எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தபோது மருந்து வாங்கிவரச் சொன்னேன். மருந்தோடு ஞானம்மாளின் பேச்சையும் கொண்டுவந்தாய். வேலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், ஆஸ்பத்திரி நர்ஸ், பிள்ளைகுட்டி இல்லாதவள். உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள், புண்ணுக்குக் கட்டுப்போடச் சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் நான் எதைச் சொன்னாலும், "ஞானம்மா அப்படிச் சொல்லலியே" என்பாய். ஆஸ்பத்திரியில் எல்லோருமே அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நீ கூப்பிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உன் அப்பா போன பிறகு தங்கச் சுரங்கத்தில் இறங்கி நம் இருவருக்கும் சோறு போட்டவன் என் தம்பி. உன்னை அவனுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். பரிசப் புடவை வந்த அன்று, ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வந்த சொந்தமெல்லாம் பார்த்திருக்க, நீ தட்டைத் தொடாமல் எழுந்து நின்றாய்.

"நான் மாமாவக் கட்டிக்க மாட்டேன். பெங்களூருக்குப் போயி நர்ஸ் வேல கத்துக்கப் போறேன்."

"இன்னாடி பேசற? அவ சொல்லிக்குடுத்தாளா? அவ இன்னா, உன்னப் பெத்தாளா?"

"பெக்கல. ஆனா எனுக்கு இன்னா வேணும்னு கேட்டாங்க. நீ ஒரு நாளாச்சும் கேட்டியாம்மா?"

என் தம்பி தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். நான் உன்னை அடித்தேன். மானம் போன கோபத்தில் அடித்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். அது இல்லை. அவள் கேட்டாள், நான் கேட்கவில்லை என்றாயே, அதற்கு அடித்தேன்.

மறுநாளே மாரிகுப்பத்தில் ரயிலேறினாய். வழியனுப்ப வந்தவள் அவள். நான் கிணற்றடியில் குடத்தோடு நின்று ரயில் ஊதுவதைக் கேட்டேன்.

படிப்பை முடித்துத் திரும்பி வந்தும் ஞானம்மாளின் வீட்டில்தான் தங்கினாய். எதிரில் கண்டால் நான் வேறு தெருவில் திரும்பிவிடுவேன். ஒருமுறை கடைவீதியில் "அம்மா, நில்லும்மா" என்று பின்னாலேயே ஓடிவந்தாய்.

"உங்கம்மா ஆஸ்பத்திரியில கீறா, போ" என்றேன். நீ என்னிடம் பேச வந்தது அதுதான் கடைசி.

பிறகு பிளேக் வந்தது. பிளேக் கொட்டகையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த நீயும் படுத்துவிட்டாய் என்று சேதி வந்தது. ஓடினேன். காவல்காரன் உள்ளே விடவில்லை. உன் வாயில் கடைசியாகத் தண்ணீர் விட்டவளும் அவள்தான். வெளியே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. பெற்றவள் நிற்கும்போது இவள் எப்படி முதலில் அழலாம் என்றிருந்தது.

ஒரு வருஷம் போனது. நானே அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். உன்னைப் பற்றி எனக்குத் தெரியாத எத்தனையோ அவளுக்குத் தெரியும். அதை அவளிடமே விட்டுவைக்க எனக்கு மனசில்லை. பெங்களூரிலிருந்து நீ எழுதிய கடிதங்களை எடுத்தாள்.

"படிச்சிக் காட்டட்டுமாங்க?"

"வேணா. எனுக்கு எழுத்து சொல்லிக்குடுங்க" என்றேன். உன் சொல்லை அவள் வாயால் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த வயதில் அரிச்சுவடி. கை வளையவில்லை. ஒரு நாள் ஒரே எழுத்தை நான்கு முறை தப்பாக எழுதி, ஆத்திரத்தில் சிலேட்டைத் தூக்கி எறிந்தேன். அது சுவரில் பட்டு உடைந்தது. ஞானம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்க பொண்ணும் இப்படித்தாங்க. மொத மாசம் ரெண்டு சிலேட்டு ஒடச்சா. இம்மாங் கோவமும் புடிவாதமும் எங்கேர்ந்து வந்துச்சின்னு நெனச்சிப்பேன். இப்பதாங்க தெரியுது."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, நீ போனதிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதேன். உன் கடிதங்களை இப்போது நானே எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். எல்லாமே அவளுக்கு எழுதியவை. படிக்கப் படிக்க இன்னும் எரிகிறது. ஆனால் அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று மாட்டேன் என்றாயே, அந்தப் பிடிவாதம் நீ என் வயிற்றில் இருந்தபோதே என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. அதில் ஞானம்மாளுக்கு நான் பங்கு தரமாட்டேன்.