மட்டையில் எழுதிய நாலு பெயரும், எழுதாத ஐந்தாவதும்

என் பாசத்துக்குரிய சென் அண்ணை,

உங்கட பேத்திக்கு உங்கட பெயரில் பாதியை வைத்தேன். பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் விழாவில், மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் வைத்தேன். உங்கட மனிசி பிள்ளையை மகள் லிங்கின் மடியில் கிடத்திவிட்டு, கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வாய் தண்ணீரும் குடிக்காமல் எழும்பிப் போய்விட்டா.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் லண்டனில் கோலியர்ஸ் வுட்டில் இருந்து சட்டன் வரைக்கும் எங்கட ஆக்கள் வேறு மாதிரிக் கதைக்கிறார்கள். சீனத்து மனிசிக்கு எங்கட சாப்பாட்டு மணம் ஒத்துவரவில்லையாம். எனக்கும் உங்களுக்கும் வியாபாரத்தில் ஏதோ தகராறு இருந்ததாம், அது இப்பதான் வெளியில் வந்ததாம். அதனால்தான் இதை எழுதி மேசை லாச்சிக்குள் பூட்டி வைக்காமல், எல்லாரும் வாசிக்கிற இடத்தில் போடுகிறேன். உங்கட மனிசி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவ, அவ மேல் ஒரு பிழையும் இல்லை. பிழை முழுக்க என்னுடையது.

உங்களுக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. பரவாயில்லை. ஈப்போவில் உங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்து தமிழ் பழக்கினவர்களில் யாராவது நீங்கள் போன இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பார்கள். வாசித்துக் காட்டச் சொல்லுங்கோ.

உங்களைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஜெர்மனியில் கோப்பை கழுவிவிட்டு லண்டன் வந்து, பழைய வான் ஒன்றில் மரக்கறி விற்றவன். குரோய்டன் பக்கத்தில் நீங்கள் வைத்திருந்த குளிர்க் கிடங்கில் எனக்கு ஒரு மூலை தந்தீங்கள். பதினெட்டு வருஷம் ஒரே கதவால் போய் வந்தோம். உங்கட பக்கம் நூடுல்ஸும் சோஸும், என் பக்கம் முருங்கைக்காயும் வெண்டிக்காயும். பள்ளிக்கூட விடுமுறையில் பெட்டிகளுக்கு நடுவில் ஓடித் திரிந்த உங்கட லிங்கும் என்ர கஜனும் பிறகு கலியாணம் செய்தார்கள். யார் சம்பந்தம் பேசினது என்று கேட்டால், "கோல்ட் ரூம்தான் லா" என்பீங்கள்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீங்கள். பிறக்கப்போவது பெண் பிள்ளை என்று தெரிந்து ரெண்டு கிழமை இருக்கும். கட்டிலில் சாய்ந்தபடி ஒரு நூடுல்ஸ் பெட்டியின் மட்டையை என்னிடம் நீட்டினீங்கள். வெட்டி எடுத்த மட்டை. அதில் தடித்த மார்க்கரால் நாலு பெயர், உங்கட எழுத்தில்.

"எங்க வழக்கத்துல பேரு வைக்கறது அப்பா பக்கத்து உரிமை, ராசு. உன் பக்கம். நான் எழுதித்தான் தருவேன். எடுக்கறது நீ."

"நாலுதானோ? என்ர கடையில கத்தரிக்காயே அஞ்சு வகை கிடக்கு."

"நாப்பது பாத்துட்டு நாலு எடுத்திருக்கேன் லா. நீ தக்காளி பொறுக்கலையா?"

அப்போதுதான் உங்கட ஆக்கள் பெண் பிள்ளைக்கு எப்படிப் பெயர் பொறுக்குவார்கள் என்று எனக்குச் சொன்னீங்கள். பழைய பாட்டொன்றை எடுத்து, அதிலிருந்து ரெண்டு எழுத்தைக் கிள்ளி எடுக்கவேணும். மழை விடுகிற நேரம். இலையுதிர் காலத்து நிலா. சத்தம் போடாத ஓர்க்கிட் பூ. சொல் வடிவாக இருந்தால் மட்டும் போதாது, பாட்டு எங்கே போய் முடிகிறது என்று பார்க்கவேணுமாம். அந்த நாற்பதில் முதலில் எடுத்த ஒரு பெயரை மட்டையில் எழுதாமலே தள்ளிவிட்டதாகச் சொன்னீங்கள். ஏன் என்று கேட்டேன்.

"அழகான பேருதான். ஆனா அந்தப் பாட்டுல அவ புருஷன் சண்டைக்குப் போறான். திரும்பி வரவே இல்ல. புள்ள தலையில அதைக் கட்டலாமா?"

எனக்கு அது பிடித்துக்கொண்டது. பெட்டியின் மேல் அடுக்கைப் பார்த்துச் சாமான் வாங்குகிறவனுக்கும் அடியில் கை விட்டுப் பார்க்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் அது. நான் அடியில் கை விடுகிற ஆள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சொன்னீங்கள், "கடைசியா ஒண்ணு. புள்ள பேருல வர்ற எழுத்து வீட்டுல பெரியவங்க யார் பேருலயும் இருக்கக் கூடாது."

"ஏன், கூப்பிட்டா ரெண்டு பேர் திரும்பிப் பாப்பினம் எண்டோ?"

நீங்கள் சிரிக்கப் போய் இருமத் தொடங்கினீங்கள். நேர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டா. நான் அதைத் திரும்பிக் கேட்கவில்லை. என் பகிடியையே பதிலாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த ஒரு கேள்வியை அடுத்த நாள் கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும், அண்ணை?

நீங்கள் போனீங்கள். நாலு மாதம் கழித்துப் பிள்ளை பிறந்தது. மட்டை என் கடை மேசையில் கிடந்தது. நாலு பெயரும் நல்ல பெயர்தான், ஒன்றும் கையில் ஒட்டவில்லை. கஜனும் லிங்கும் கேட்கக் கேட்க, "பொறுங்கோ, லிங்கின்ர அப்பா என்னட்டத்தானே விட்டவர், விழாவில சொல்லுறன்" என்று பெரிய மனிசத்தனமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விழாவுக்கு முந்தின கிழமைதான் கிடங்கை எடுத்த புது ஆள் கதவுக்குச் சாம்பல் நிறம் அடித்தார். கதவில் இருந்த உங்கட எழுத்து எங்கே என்று பார்த்தேன். 'மேகம்' என்று அர்த்தம் வரும் அந்த எழுத்து, சென் என்ற குடும்பப் பெயரை விட்டால், உங்கட சொந்தப் பெயரின் முதல் பாதி. உங்கட பெட்டி ஒவ்வொன்றிலும் அடையாளமாக இருந்தது. சீனத்தில் எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே எழுத்து. பெயின்ற் காய்வதற்கு முன்னரே நான் முடிவெடுத்துவிட்டேன்.

வியாபாரி புத்தி எப்படி ஓடிச்சுது என்று மறைக்காமல் சொல்கிறேன். ரெண்டு பேர் திரும்பிப் பார்க்கக்கூடாது, அவ்வளவுதானே? இப்போது திரும்பிப் பார்க்க ஒருவர் இல்லையே. அப்படியானால் அந்த எழுத்து காலியாகத்தானே கிடக்கிறது? ஆள் இல்லாத கடையை எடுப்பது போல எடுத்தேன். பெட்டி ஒன்றில் இருந்த எழுத்தைப் போனில் படம் பிடித்து நகைக்கடைக்கு அனுப்பி, தங்கத்தில் பதக்கம் செய்வித்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. எல்லாரும் அழப்போகிறார்கள் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

எங்கட முப்பத்தோராம் நாளும் உங்கட மாதம் நிறைகிற நாளும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தது. அக்கா சிவப்புச் சாயம் போட்ட முட்டை நூறு அவித்துக் கொண்டுவந்தா. விரல் நுனி எல்லாம் சிவப்பு. நீங்கள் போன பிறகு அன்றைக்குத்தான் அவவின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன். நான் மைக்கைப் பிடித்துப் பெயரைச் சொல்லி, பதக்கத்தைப் பிள்ளையின் கழுத்தில் போட்டேன். எங்கட சனம் கை தட்டிச்சுது. அக்கா பதக்கத்தைத் திருப்பி எழுத்தைப் பார்த்தா. பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

துக்கம், அதுதான் தாங்க ஏலாமல் போய்விட்டா என்று நினைத்தேன். ரெண்டு நாளில் லிங் போன் எடுத்தா. அவ என்னோடு ஆங்கிலத்தில்தான் கதைப்பா, 'மாமா' மட்டும் தமிழ்.

"மாமா, அம்மா பிள்ளையைத் தூக்கிறா. ஆனா பேர் சொல்லிக் கூப்பிடுறா இல்லை. 'அது பால் குடிச்சுதோ, அது நித்திரையோ' எண்டு கேக்கிறா. என்ர பிள்ளை இப்ப 'அது'."

"பிள்ளை, எங்கட பக்கத்தில அது பெரிய மரியாதை. என்ர பேரே என்ர அப்பப்பாவின்ர பேர்தான். ஆறுமுகம்."

"எங்கட பக்கத்தில அது மரியாதை இல்லை, மாமா. நாளைக்கு இவள் குழப்படி செய்தால் அம்மா என்னெண்டு ஏசுறது? அப்பாவின்ர பேரைச் சொல்லியோ? பள்ளிக்கூடத்தில யாரும் நக்கலடிச்சால் அது யாருக்கு?"

பின்னால் கஜனின் குரல் கேட்டது. "அப்பா, ஒரு பெட்டி வெண்டிக்காய்க்கு மூண்டு இடத்தில விசாரிப்பீங்கள். இதுக்கு ஒராளைக் கேட்டீங்களோ?"

போனை வைத்துவிட்டு அக்காவின் நம்பரை அழுத்தினேன்.

இந்த நாட்டில் பிள்ளை பிறந்து நாற்பத்திரண்டு நாளுக்குள் பெயர் பதியவேணும். அக்கா என் போனை எடுக்கவில்லை. பிள்ளைகள் தாங்களாக வேறு பெயர் பதிந்திருக்கலாம்தான். ஆனால் அக்கா வாயால் கூப்பிடாத பெயரைப் பதிந்து என்ன செய்வது என்று லிங் கேட்டா. சரியான கேள்வி. முப்பத்தெட்டாம் நாள் காலமை, மட்டையையும் எடுத்துக்கொண்டு நானே சட்டனுக்குப் போனேன்.

அக்கா கதவைத் திறந்தா. இருக்கச் சொன்னா. தேத்தண்ணி கேட்கவில்லை. அந்த வீட்டில் தேத்தண்ணி இல்லாமல் நான் இருந்த முதல் நாள் அது. பதக்கத்தை மேசையில் வைத்திருந்தா, எழுத்துக் கீழ்ப்பக்கமாக. அவவுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னா:

"நீ அவரோடு பதினெட்டு வருஷம். நான் நாற்பத்தாறு வருஷம். நான் ஒரு நாளும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லிங்கின் அப்பா என்றுதான் சொல்லுவேன். நீ அதை மைக்கில் கத்தினாய்."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன், அண்ணை. என்ர அம்மாவின் ஞாபகம் வந்தது.

என் அம்மா ஒரு நாளும் என்னை ஆறுமுகம் என்று கூப்பிட்டதில்லை. அது அவவின் மாமனாரின் பெயர். மருமகள் வாயால் அதைச் சொல்லக்கூடாது. ஆனபடியால் எனக்கு 'ராசு' என்று இன்னொரு பெயர் செய்துகொண்டா. கூட்டாளிகளுக்கும் ராசு, கடைப் பலகையிலும் ராசு, உங்களுக்கும் ராசு. ஆறுமுகம் பாஸ்போர்ட்டில் மட்டும்தான். செத்தவரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால், வீட்டில் ஒரு பெண் வாயைக் கட்டிக்கொண்டு சீவிக்கவேணும் என்பது எனக்குத் தெரியாத சங்கதியா? அறுபத்திரண்டு வருஷமாக அதைத்தானே என் பெயராகச் சுமந்து திரிகிறேன்?

இதை அக்காவுக்குச் சொன்னேன்.

"அப்படியென்றால் உனக்குத் தெரிந்திருக்கிறது."

"ஓம் அக்கா. தெரிஞ்சுதான் இருக்கு. யோசிக்கேல்லை."

மன்னித்தேன் என்று அவ சொல்லவில்லை. சொல்வா என்று நானும் காத்திருக்கவில்லை. எழும்பிப் போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து மட்டையை வாங்கினா. உங்கட எழுத்தைப் பார்த்ததும் கட்டை விரலால் ஒருமுறை தடவினா, ஈரம் காய்ந்ததா என்று பார்ப்பதுபோல. பிறகு ரெண்டாவது பெயரில் விரல் வைத்தா. யூச்சிங். மழை விட்டு வெளிக்கிற நேரம்.

"ஏன் இது?" என்று கேட்டேன். இந்த முறை கேட்டேன்.

"இந்தப் பாட்டின் கடைசி வரியில் ஆள் வீட்டுக்கு வந்து சேருது" என்றா.

நீங்கள் இருந்திருந்தால் இதைத்தான் எடுத்திருப்பீங்களா? என்னை ஏசியிருப்பீங்களா, இல்லை, சிரித்துவிட்டு "போ லா" என்றிருப்பீங்களா? காலமையில் கிடங்குப் பக்கம் போகும்போது இதையெல்லாம் உங்களிடம் கேட்கிறேன்.

நாற்பத்தோராம் நாள் கவுன்சிலில் பதிந்தாயிற்று. என்ர மனிசி ராணி நேற்றுச் சொன்னா, பிள்ளை இப்போது சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்புதாம். அக்கா கூப்பிட்டுத் திரும்பினதை நான் இன்னும் பார்க்கவில்லை.

உங்கட மனிசியும் நானும் அன்றைக்குப் பேசி ஒத்துக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நீங்களே சாட்சி. பிள்ளையின் முதல் பெயர் யூச்சிங், அது அக்கா எடுத்தது. தமிழ்ப் பெயர் இனியா. அதுக்கு என் அம்மாவின் பெயரைத்தான் வைக்கக் கேட்டேன், செத்தவர்களின் பெயர் எந்தப் பக்கத்திலும் வேண்டாம் என்று அக்கா சொன்னா, விட்டுக்கொடுத்தேன். பதக்கத்தை உருக்கக்கூடாது, உங்கட பெயரை நெருப்பில் போட அவ விடமாட்டா. அது அவவின் லாச்சியில், உங்கட கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையைப் பார்க்க எங்கட வீட்டுக்கு வருவா. எங்களோடு சாப்பிடுவாவா என்பது இன்னும் முடிவாகவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. பிள்ளை வளர்ந்து தானாகக் கேட்கும் நாளில், தாத்தாவின் பெயரை அக்காதான் சொல்லிக்கொடுப்பா. அதுவரைக்கும் அந்த எழுத்து என் வாயிலும் வராது, கையிலும் வராது. இந்தக் கடிதத்தில் தொடங்கிவிட்டேன், அண்ணை. முதல் வரியில் இருந்து இதுவரை அதை ஓரிடத்திலும் எழுதவில்லை.

யூச்சிங் இனியாவின் அப்பப்பா,
உங்கட சம்பந்தி
ராசு