டோல்கேட் மெசேஜும் உன் அப்பாவும்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் உன் அப்பா மனசில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் அவருக்கும் சேர்த்து நான் ஜாமீன் நிற்க முடியாது, அதனால் இப்போதைக்கு நான் மட்டும் சுகம். இதைப் போனிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனை எடுத்த உடனே ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவரைப் பற்றிய பேச்சை அவர் மூக்குக்கு முன்னாலேயே எப்படிப் பேசுவது. அதனால்தான் தபால். மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்ட வேண்டாம், அவர் சிரிப்பார்.

ஊருக்குப் பின்பக்கம் டோல் ரோடு போட்டிருக்கிறார்கள் அல்லவா, துறைமுகத்துக்குப் போகிற ரோட்டையும் ஏர்போர்ட் ரோட்டையும் அதில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள், நம் பழைய ரோட்டிலிருந்து ஒரே ஒரு ஏற்றம் அதற்குப் போகிறது. எனக்கு அந்த ரோட்டின் மேல் முதல் நாளிலிருந்தே நம்பிக்கை இல்லை. அது திறந்த புதிதில் உன் சித்தி வீட்டுக்குப் போகிறோம் என்று கிளம்பி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் போய்க்கொண்டே இருந்து, முன்பின் தெரியாத ஏதோ ஊரில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுத் திரும்பினோமே, நினைவிருக்கிறதா. நீ பேசிக்கொண்டே வந்தாய், அதனால்தான் தவறிவிட்டது என்று பழியை என் தலையில் போட்டார். அதற்குப் பிறகு அந்த ரோட்டின் பேச்சையே எடுத்ததில்லை, எங்கே போவதென்றாலும் பழைய ரோடுதான். போன தடவை வந்தபோது நீதான் கார் கண்ணாடியில் அந்த டோல் ஸ்டிக்கரை ஒட்டி என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாய். கார் டோல் கேட்டைத் தாண்டினால் காசு எடுத்ததாக மெசேஜ் வந்து என் போன் கத்தும். இது உன் அப்பாவுக்குத் தெரியாது, அவருக்குப் போன் என்றால் உன்னோடு பேசுகிற டப்பா, அவ்வளவுதான்.

சில வாரங்களாக அந்தப் போன் கத்திக்கொண்டே இருக்கிறது. முதலில் டோல்காரர்கள் மேல்தான் சந்தேகப்பட்டேன், வீட்டு வாசலில் நிற்கிற காருக்கெல்லாம் காசு பிடுங்குகிறார்கள் என்று. எட்டிப் பார்த்தால் வாசலில் கார் இல்லை. வந்ததும் எங்கே போனீர்கள் என்று கேட்டேன், முடி வெட்டப் போனேன் என்றார். போன முடி அப்படியே திரும்பி வந்திருந்தது. இன்னொரு நாள் கேட்டால் கடையில் கூட்டம் என்றார், அடுத்த நாள் கடைக்காரருக்கு ஜுரம் என்றார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருட்டு என்று நினைக்குமாம், அந்தக் கதைதான். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர், ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது, ஆசைக்கு ஒரு சுற்று சுற்றுகிறார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் ஆசைக்குச் சுற்றுகிறவர் இஸ்திரி போட்ட சட்டையை ஏன் கேட்கிறார், டிபன் பாக்ஸை ஏன் எடுத்துப் போகிறார், இரண்டு பேர் சாப்பிடுகிற அளவு ஏன் வைக்கச் சொல்கிறார். இந்தக் குழப்பத்தில் நான் இருக்கும்போது எதிர்வீட்டுத் தையல்காரி வந்து, அக்கா தப்பா எடுத்துக்காதீங்க, டோல்கேட் பக்கம் உங்க காரைப் பார்த்தேன், அண்ணன் பக்கத்துல ஒரு பொண்ணு உக்காந்திருந்துச்சு என்று வத்தி வைத்துவிட்டுப் போனாள். உன் வயசுதான் இருக்குமாம். கண்ணு, அன்றைக்கு நான் அவருக்குச் சோறு போட்டேன், எப்படிப் போட்டேன் என்று என்னைக் கேட்காதே. தட்டு வைத்த சத்தத்தில் அவரே நிமிர்ந்து பார்த்தார்.

இதுவரை எழுதி மடித்துப் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். இப்போது மறுபடி எடுத்து எழுதுகிறேன். மேலே எழுதியதை அடிக்கவில்லை, அது அப்படியே இருக்கட்டும், என் புத்தி எப்படிப் போனது என்று உனக்கும் தெரியட்டும்.

நேற்று அவர் முடி வெட்டக் கிளம்பியதும் நானும் தெருமுனையில் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனேன். ஏற்றம் முடிந்து பெரிய ரோட்டில் சேர்கிற இடத்துக்குக் கீழே ஒரு டீக்கடை இருக்கிறது, அங்கே போய் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். நம் கார் அந்தச் சேர்கிற இடத்தில் நிற்கிறது. தையல்காரி பொய் சொல்லவில்லை, பக்கத்தில் ஒரு பெண். அப்பா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அந்த இஸ்திரிச் சட்டை தோளில் ஈரமாக ஒட்டியிருக்கிறது. பெரிய ரோட்டில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கின்றன, பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுச் சுற்றிப் போகிறான், கார் நகரவில்லை. அந்தப் பெண் அவரிடம் ஏதோ மெல்லச் சொல்கிறாள், அவர் தலையாட்டுகிறார், மறுபடி கார் நகரவில்லை. நான் வாயைப் பிளந்து பார்ப்பதைக் கண்டு டீக்கடைக்காரர் தானாகவே சொன்னார், அந்தப் பொண்ணு டிரைவிங் ஸ்கூல் டீச்சர்மா, நல்ல பொறுமைசாலி, அந்தப் பெரியவரு ஏதோ ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தாராம், ரிட்டயர் ஆன பிறகு புதுசா கார் கத்துக்கிறாரு, பாவம், இந்த இடத்துக்கு வந்தாத்தான் உள்ளே நுழையாம நின்னுடறாரு.

கிளார்க்காம் கண்ணு. காக்கிச் சட்டையை இன்னும் பீரோவில் மடித்து வைத்திருக்கிற மனுஷன், கல்யாண வீட்டில் யாராவது கண்டக்டர் என்று தவறிச் சொல்லிவிட்டால் சாப்பாட்டிலிருந்தே எழுந்து போகிற மனுஷன், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் தன்னைக் கிளார்க் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. வேறு பெண்ணோடு ஊர் சுற்றுகிறார் என்று கேட்டபோதுகூட இப்படி அழவில்லை. பஸ் ஓட்டும்போது எல்லாரும் அவருக்கு வழி விட்டார்கள், தானாக வழி பார்த்து நுழைந்து அவருக்குப் பழக்கமே இல்லை. சித்தி வீட்டுக்குப் போன அன்றைக்கும் என் பேச்சால் தவறவில்லை, பக்கத்தில் வந்த லாரியைத் தாண்டி ஓரத்துக்கு வர அவருக்குத் தைரியம் வரவில்லை, இப்போதுதான் எனக்குப் புரிகிறது. போன மாதம் நீங்கள் மூவரும் ஊருக்கு வருகிற தேதியைச் சொல்லும்போது நீ போனில், உங்களுக்கு எதுக்குப்பா கஷ்டம், ஏர்போர்ட்லேருந்து நாங்க டாக்ஸி பிடிச்சு வந்துடறோம் என்றாயே, நல்லெண்ணத்தில்தான் சொன்னாய். அவர் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, என் பேத்தியைக் கூட்டிட்டு வர நான் இருக்கேன், வேற ஆள் எதுக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மறுநாளிலிருந்துதான் இந்த முடி வெட்டு.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கார் மெல்ல அசைந்தது, நின்றது, பிறகு ஒரே மூச்சில் பெரிய ரோட்டில் நுழைந்து போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் என் பையில் போன் கத்தியது. முதல் தடவையாக அந்தச் சத்தத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. இன்று காலையும் முடி வெட்டக் கிளம்பினார், நானே டிபன் பாக்ஸில் இரண்டு பேருக்கு வைத்துக் கொடுத்தேன், சொல்லாமலே எப்படி வைத்தாய் என்று அவரும் கேட்கவில்லை. அவருக்கு என் மேல் சந்தேகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன், வரட்டும், நான் பட்டதில் பாதியாவது அவரும் படட்டும்.

உன் மேலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எங்களிடம் சரி சரி என்று சொல்லிவிட்டு அங்கேயே டாக்ஸிக்குப் பதிந்து வைத்திருப்பாய். பதிந்திருந்தால் இந்தக் கடிதம் கிடைத்த கையோடு அதை வேண்டாம் என்று சொல்லிவிடு. ஏர்போர்ட்டில் அவர் நிற்பார், இஸ்திரிச் சட்டையோடு. குழந்தையைப் பின்சீட்டில் வைத்துக்கொள், மாப்பிள்ளையை முன்னால் உட்காரச் சொல், வழி சொல்கிறேன் என்று வாயைத் திறக்க வேண்டாம் என்றும் சொல். பெரிய ரோட்டில் சேர்கிற இடத்தில் கார் கொஞ்சம் நிற்கும். எவ்வளவு நேரம் நின்றாலும் போங்கப்பா என்று சொல்லாதே, குழந்தைக்கு லாரியைக் காட்டிக்கொண்டிரு. அவர் போய்விடுவார்.

நீங்கள் எல்லாரும் தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். குழந்தைக்குக் காது மூடுகிற குல்லா மறக்காமல் எடுத்து வா. நான் ஏர்போர்ட்டுக்கு வரவில்லை, நான் வந்தால் பேசுவேன். வீட்டில் அரிசியைக் களைந்து வைத்துவிட்டுப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், நீங்கள் வருகிற வழியில் அது மறுபடி கத்தியதும் உலை வைப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா