ஹ.வும் இரண்டு தம்பிமாரும்

நவம்பர் 11, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. கடல் கொந்தளிப்பு, ஒரு தோணியும் இறங்கவில்லை. ஸ்கூட்டர் வழியில் நின்று நின்றுதான் வந்தது.

சாய்ந்தமருதில் ஒரு வீடு. பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் சிறுவர் பாதுகாப்புப் பிரிவுக்குத் தகவல்: ஏழு வயதுப் பையன் காய்ச்சலோடு வகுப்புக்கு வருகிறான், எத்தனை தரம் சொல்லியனுப்பியும் தகப்பன் வரவில்லை. தாய் இல்லை, போன வருடம் மௌத். கதவைத் திறந்தது பையனின் ராத்தா, மூத்தவள், பதினான்கு வயது. ஹ. என்று மட்டும் எழுதுகிறேன். இடுப்பில் சின்னத் தம்பி, நாலு வயது.

"வாப்பா எங்க மகள்?"

"கடலுக்குப் போய்த்தார் மிஸ்."

"இந்த மழைக்கயா?"

வெளியே பார்த்தாள். பிறகு என்னை.

வாசலில் ஆண் செருப்பு. தாழ்வாரக் கொடியில் ஆண்கள் உடுக்கும் சாரன், ஈரமாய்.

பையனை ஆஸ்பத்திரியில் காட்டி மருந்து எடுத்துக் கொடுத்தேன்.

நவம்பர் 12, புதன்

மழை விட்டது. திரும்பவும் போனேன். தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். கேள்வி கேட்காமல் இருந்தேன். அவளாகவே சொன்னாள்.

வாப்பா நோன்புப் பெருநாளுக்குப் பிறகு கொழும்புக்கு வேலைக்குப் போனவர். வரவில்லை. ஏழு மாதமாகப் போனும் வேலை செய்யவில்லை. அன்றிலிருந்து தினமும் அவர் சாரனைக் கழுவிக் காயப்போட்டிருக்கிறாள், செருப்பை இடம் மாற்றி வைத்திருக்கிறாள். வீட்டில் ஆம்பிளை இருக்கிறார் என்று அயலுக்குத் தெரியவேண்டுமாம். இடியப்பம் அவித்துச் சந்திக் கடைக்குக் கொடுத்துத் தம்பிமாருக்குச் சாப்பாடு. பெரியவன் ஒரு நாளும் பள்ளிக்கூடம் தவறவில்லை. இவள்தான் நின்றுவிட்டாள்.

என் மகளுக்கும் இதே வயது. காலையில் ஸ்காஃப் ஊசி தேடித் தரச் சொல்லி என்னோடு சண்டை.

"ஏன் மகள் ஒருத்தருக்கும் சொல்லல்ல?"

"சொன்னா பிரிச்சிருவீங்க மிஸ். பொம்பளப் புள்ளையளுக்கு ஒரு இல்லம், ஆம்பளப் புள்ளையளுக்கு வேற இல்லம். எனக்குத் தெரியும்."

பொய் இல்லை. அப்படித்தான் நடக்கிறது.

பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று நீதிமன்றம்தான் சொல்லவேண்டும்; அந்த வழக்கு முடியும்வரை இரவில் பக்கத்து வீட்டுப் பெண் துணைக்குப் படுப்பா. நன்னடத்தை உத்தியோகத்தரும் சரி என்றார்.

நவம்பர் 13, வியாழன்

மருதமுனை. பிள்ளைகளின் தாயுடைய தங்கச்சி, அவர்களுக்குச் சாச்சி, தறி நெய்கிறவர். தன் ராத்தா செய்த கலியாணம் பிடிக்காமல் போக்குவரத்தே இல்லையாம். விஷயத்தைக் கேட்டதும் அழுதார். ஆனால்:

"மூத்த பொம்பளப் புள்ளய மட்டும் தாங்க மிஸ். தறிக்கும் உதவியா இரிக்கும். மூணு பேரையும் எப்பிடி நான் பாக்கிற? எனக்கும் ரெண்டு இரிக்கி."

கோபப்படவும் முடியவில்லை. திங்கள் நீதிமன்றத்துக்கு மட்டும் வரச் சொன்னேன். "ஓம், வாறன்" என்றார்.

இரவு மகளின் கணித டியூஷன் சேருக்குப் பதில் அனுப்ப மறந்தேன்.

நவம்பர் 17, திங்கள்

நீதவானின் அறையில் விசாரணை. ஹ., நான், நன்னடத்தை உத்தி., சாச்சி. ஃபேன் சத்தம்.

நீதவான்: "உங்களுக்கு என்ன வேணும் மகள்?"

அழுவாள், கெஞ்சுவாள் என்று நினைத்தேன்.

"எனக்கு ஒண்டும் வேணாம் சேர். எங்கள வேற வேறயா அனுப்புறதெண்டா நான் சொல்றத எழுதி எடுங்க. சின்னவனுக்கு இருட்டெண்டா பயம், காதப் பிடிச்சிட்டுத்தான் தூங்குவான். பெரியவன் பசிச்சாலும் கேக்கமாட்டான், முகத்தப் பாத்துத்தான் விளங்கிக்கணும். அடிச்சா அழமாட்டான், ரெண்டு நாளைக்குக் கதைக்கமாட்டான். வெச்சிக்கிற ஆக்களுக்கு இதெல்லாம் தெரியணும்."

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். உண்மையாகவே எழுதினார். சொல்லுக்குச் சொல். இத்தனை வருட வேலையில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

சாச்சி எழும்பி நின்றார். "சேர், மூணு பேரையும் நான் கூட்டிப் போறன்." ஹ. திரும்பிப் பார்த்தாள், நம்பாதவள் மாதிரி.

உத்தரவு: மூவரும் சாச்சியிடம். மாதாமாதம் நான் போய்ப் பார்க்கவேண்டும்.

அல்ஹம்துலில்லாஹ்.

நவம்பர் 25, செவ்வாய்

நல்ல வெயில். மகளின் அடி பிய்ந்த சப்பாத்தைத் தைக்கக் கொடுத்தேன். பின்னேரம் மருதமுனை.

தம்பிமார் முற்றத்தில் சாச்சியின் பிள்ளைகளோடு மண்ணில். ஹ. தறிக்குப் பக்கத்தில் பாயில், வாய் திறந்தபடி நித்திரை. தறி அடிக்கிற சத்தம் ஒன்றும் அவளை அசைக்கவில்லை.

சாச்சிக்குப் பயம். "வந்த நாளிலிருந்து இப்பிடித்தான் மிஸ், பகலெல்லாம் தூங்குறா. டொக்டர்ட்ட காட்டணுமோ?"

"வேணாம். விடுங்க, தூங்கட்டும்."

புதுப் பள்ளிக்கூடம் பற்றி அவளிடம் கதைக்கத்தான் போனேன். கதைக்கவில்லை. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.